எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடிப்பது எப்படி?

எங்கள் ஊருக்கு மாற்றலாகி வருகிற டீச்சரோ, கால்நடை டாக்டரோ, கூட்டுறவு சங்கத்து எழுத்தரோ வாடகை வீடு பார்க்கும்போது கேட்கிற முதல் கேள்வி, "தண்ணி வருமாங்க?" வீட்டுக்காரர் கண் இமைக்காமல், "அதெல்லாம் நல்லா வரும்" என்பார். பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வரும். என்றைக்கு வரும், எத்தனை மணிக்கு வரும், வரும்போது என்ன நிறத்தில் இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அட்வான்ஸ் கைமாறிவிடும்.

இந்த ஊரில் பிறந்து, குழாயடியில் வளர்ந்து, இரண்டு தடவை வாந்திபேதியில் படுத்து எழுந்த தகுதியில் இந்தக் கையேட்டை எழுதுகிறேன். முந்நூறு வீடு, ஐந்து தெரு, ஒரு மேல்நிலைத் தொட்டி, அதற்கு ஒரு ஆபரேட்டர் உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும். தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பிடி கூடுதலாகப் பொருந்தும். காரணம் அவர்கள் பல்லிலேயே இருக்கிறது.

முதலில் தண்ணீரின் குலம் கோத்திரம்

எங்கள் குழாயில் வருவது இரண்டு தண்ணீர். ஒன்று 'ஒகேனக்கல் தண்ணி'. காவிரியில் எடுத்து, சுத்திகரித்து, மேடு மேடாக ஏற்றி அனுப்புவது. ஜப்பான் கடனில் கட்டி 2013இல் திறந்தார்கள். இன்னொன்று 'போர்த் தண்ணி'. பஞ்சாயத்து போட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. முதல் தண்ணீரில் பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும். இரண்டாவதில் குக்கர் எட்டு விசில் அடித்தாலும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டு கிடக்கும்; சோப்பு போட்டால் நுரை வராது, திரிந்த பால் மாதிரி ஏதோ மிதக்கும். இரண்டும் ஒரே தொட்டியில் ஏறி ஒரே குழாயில் இறங்குகின்றன. வழியில் எங்காவது பெரிய குழாய் உடைந்தால் அந்த வாரம் முழுக்கப் போர்த் தண்ணிதான். யாரும் தண்டோரா போட மாட்டார்கள். சாம்பார்தான் சொல்லும்.

ஒகேனக்கல் திட்டத்தின் முழுப் பெயரைப் பெயர்ப்பலகையில் படித்துப் பாருங்கள். அதில் 'புளோரோசிஸ்' என்று ஒரு நோயின் பெயர் இருக்கும். எங்கள் பக்கத்துப் பாறைகளில் புளோரைடு அதிகம். பாறைக்குள் வருடக்கணக்கில் ஊறுகிற தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், வளர்கிற பிள்ளைகளின் பல்லில் முதலில் சுண்ணாம்புப் புள்ளி, பிறகு காவிக் கோடு. பல வருடம் குடித்தால் எலும்பு, மூட்டு, முதுகு. நாட்டில் இந்த நோயை மருத்துவர்கள் அடையாளம் கண்டு எழுதியது 1937இல், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்ப் பகுதியில்.

ஆகவே டூத்பேஸ்ட் விளம்பரத்தில் 'புளோரைடு சேர்த்தது' என்று ஒருவர் வெள்ளைப் பல்லோடு சிரிக்கும்போது, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் காவிப் பல்லோடு திருப்பிச் சிரிப்பார்கள். அவருக்குக் காசு கொடுத்துக் கிடைத்தது எங்களுக்குக் குழாயில் சும்மா வந்தது. கல்யாணத் தரகர்கள் பல்லைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள்.

புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. "நல்லா கொதிக்க வச்சு, ஆத்திக் குடிங்க" என்று எந்த டாக்டரும் எந்த நோய்க்கும் சொல்லும் யோசனை கிருமிக்குச் சரி. புளோரைடும் உப்பும் கொதித்தால் ஆவியாகாது, தண்ணீர்தான் ஆவியாகும். போர்த் தண்ணியை அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைத்தால் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்சம் கெட்டியான போர்த் தண்ணி.

குழி வெட்டும் முறை

உங்கள் வாசலில் ஒரு சிமெண்ட் தூணும் அதில் ஒரு குழாயும் நிற்கும். வீட்டுக்கு வீடு குழாய் என்று 2019 ஆகஸ்ட் 15இல் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்தில் வந்தது. ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் கணக்கு. குழாயையும் வீட்டுக்காரரையும் சேர்த்து நிறுத்திப் போட்டோ எடுத்துப் போயிருப்பார்கள். அந்தத் தூணைத் தயவுசெய்து தொடாதீர்கள், அது போட்டோவுக்கு. தண்ணீர் பிடிக்கிற குழாய் அதன் காலடியில், குழிக்குள் இருக்கிறது.

குழி எப்படி வந்தது என்பது புதிதாக வருகிறவர்களுக்குப் புரியாது. தெருவின் முதல் வீட்டுக்குத் தண்ணீர் வேகமாக வந்தது. கடைசி வீட்டுக்கு நூல் மாதிரி வந்தது. கடைசி வீட்டுக்காரர் தரைக்கு மேல் இருந்த குழாயை அறுத்து, தரை மட்டத்தில் பிடித்தார். கொஞ்சம் வேகமாக வந்தது. அதனால் அவருக்கு முந்தின வீட்டில் குறைந்தது. அந்த வீட்டுக்காரர் ஓரடி தோண்டினார். கடைசி வீட்டுக்காரர் இரண்டடி தோண்டினார். இப்படியே தெரு முழுக்கப் போட்டி நடந்து, இப்போது கடைசி வீட்டு அக்கா நாலடிக் குழிக்குள் படி வைத்து இறங்கி, குடத்தைச் சாய்த்து வைத்து, நிரம்பியதும் மேலே தூக்கிக் கொடுக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் தெருவே புதையல் தேடுவது போலிருக்கும்.

குழிக்கு நீங்கள் செய்ய வேண்டியது: பழைய கடப்பைக் கல்லோ தகரமோ போட்டு மூடி வையுங்கள், ஆட்டுக்குட்டி விழும். மழைத் தண்ணீரும் பாத்திரம் கழுவின தண்ணீரும் அதில் தேங்கும். அதை டப்பாவால் மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, அதே டப்பாவை அலசாமல் குழாய்க்கு அடியில் வைத்துக் குடிதண்ணீர் பிடிப்பது இவ்வூர் மரபு. மரபைக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குழியில் இன்னொரு விஷயம் இருக்கிறது. இதை எனக்குச் சொல்லித் தந்தது எதிர்வீட்டுச் சின்னப் பெண். தண்ணீர் நின்றதும் அவள் குழிக்குள் இறங்கி, திறந்த குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். "மாமா, குழாய் கையைப் புடிச்சு இழுக்குது பாருங்க!" நானும் வைத்துப் பார்த்தேன். உண்மையிலேயே இழுத்தது. உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்த தடம் விழுந்தது.

மேட்டில் வால்வை மூடியதும் குழாயில் மிச்சமிருக்கிற தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுகிறது. அது விட்டுப்போன இடம் வெற்றிடமாகிறது. அந்த வெற்றிடம் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறதோ அங்கெல்லாம் வெளியில் இருப்பதை உள்ளே உறிஞ்சுகிறது. அங்கே சின்னப் பெண்ணின் கை இருந்தால் கை. குழித் தண்ணீர் இருந்தால் குழித் தண்ணீர். குழாய் சாக்கடையைக் கடந்து போகும் இடத்தில் விரிசல் இருந்தால் சாக்கடை. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே பீய்ச்சும், பாதி நேரம் காலியாகக் கிடக்கிற குழாய் வெளியே இருப்பதைக் குடிக்கும். நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் விடுகிற எங்கள் ஊரில், தண்ணீரை முதலில் குடிப்பது குழாய்தான்.

எனவே முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றுங்கள். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. முதல் சில நிமிடம் வருவது குழாய் நாலு நாளாகக் குடித்துச் சேர்த்து வைத்தது. என் அம்மா இதைக் கேட்டுவிட்டு, "வர்றதே நாலு கொடம், அதுல ஒண்ணு செம்பருத்திக்கா?" என்றார். அம்மாவின் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை. செம்பருத்தி நன்றாக இருக்கிறது.

மோட்டார் வைத்து உறிஞ்சுவது பற்றி அதிகம் எழுத மாட்டேன், அது சட்டவிரோதம். எங்கள் தெருவில் யாரிடமும் மோட்டார் இல்லை. தண்ணீர் விடும் நேரத்தில் கேட்கிற 'ங்ங்ங்' சத்தம் மிக்ஸி. காலை ஐந்தரை மணிக்கு ஒன்பது வீட்டில் ஒரே நேரத்தில் சட்னி அரைக்கிறார்கள்.

டை கட்டிய பையனை எதிர்கொள்வது

நீங்கள் குடிவந்த மூன்றாவது வாரத்துக்குள் டை கட்டிய பையன் ஒருவன் வருவான். வெயிலில் வியர்த்து, பையோடு நிற்பான். உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள், பாவம். "ஃப்ரீ வாட்டர் டெஸ்ட், மேடம்" என்பான்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டான். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவன் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். பையிலிருந்து நாலு கம்பி நீட்டிய ஒரு கருவியை எடுத்து, இரண்டு டம்ளரிலும் இறங்குகிற மாதிரி வைத்து, பிளக்கைச் செருகினான். பத்து விநாடி. குழாய்த் தண்ணீரில் முதலில் பச்சையாக ஒரு புகை சுருண்டது. பிறகு மஞ்சள், பிறகு துரு நிறம். ஒரு நிமிடத்தில் டம்ளர் முழுக்க வெல்லப் பாகு மாதிரி, மேலே நுரை. ஆர்.ஓ. டம்ளர் பளிங்கு மாதிரி அப்படியே நின்றது. "இதைத்தாம்மா இத்தனை நாள் குடிச்சிட்டு இருக்கீங்க" என்றான். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

நான் அடுப்படிக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து ஆர்.ஓ. டம்ளரில் போட்டு, "தம்பி, இப்ப ஒரு தடவை போடு" என்றேன். அவன் முகத்தில் ஏதோ மாறியது, ஆனாலும் போட்டான். அதுவும் வெல்லப் பாகு ஆனது.

தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துரு இறங்கும். டம்ளரில் நாம் பார்த்த அழுக்கு தண்ணீரின் அழுக்கே இல்லை, கம்பியின் அழுக்கு. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, மின்சாரம் பாயவில்லை, அதனால் கம்பி கரையவில்லை. உப்பு போட்ட கடலைத் தண்ணீர், இளநீர், தீர்த்தம் எதை வைத்தாலும் இந்தக் கருவி அதே வேலையைக் காட்டும்.

அவன் சட்டைப்பையில் இருந்த டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான். கரைந்த உப்புகளின் அளவைச் சொல்லும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை என்பது தர நிர்ணயம். அந்த மீட்டரைச் சாக்கடை கலந்த மழைத் தண்ணீரில் வைத்தால் நல்ல எண்தான் காட்டும். கிருமிக்கு எண் கிடையாது. புளோரைடு தனியாகத் தெரியாது. 500க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை, அங்கே அதைத் தடை செய்யுங்கள் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்னதும், ஒரு லிட்டர் கொடுப்பதற்கு இரண்டு மூன்று லிட்டரை அந்த மெஷின் சாக்கடைக்கு அனுப்புவதும் அவன் துண்டறிக்கையில் இல்லை. அதே சமயம், புளோரைடை எடுப்பதில் ஆர்.ஓ. கெட்டிக்கார மெஷின்தான். எங்கள் ஊரில் அதை விற்க அவனிடம் உண்மையான காரணமே ஒன்று இருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை, கம்பியை மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அம்மா என்னைத்தான் திட்டினார். "வெயில்ல வந்த புள்ளைய மடக்கிக்கிட்டு நிக்கிற." அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். குழாய்த் தண்ணீர்க் காபி. முழுசாகக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கேன் தண்ணீர் பற்றி ஒரு வரி: மூடியில் சீல் இருக்கிறதா என்று பாருங்கள், கேனின் அடியில் பச்சை படிந்திருந்தால் அது மூலிகை அல்ல.

பூட்டும் சாவியும்

தொட்டியைக் காட்டுகிறேன், வாருங்கள். 30,000 லிட்டர். பக்கவாட்டில் 'சுத்தம் செய்த நாள்', 'அடுத்து சுத்தம் செய்யும் நாள்' என்று பெயிண்டால் எழுதியிருக்கும். மாதம் இரண்டு தடவை இறங்கித் தேய்த்துக் கழுவ வேண்டும். தேதி இரண்டும் எப்போதும் சரியாக இருக்கும், பெயிண்ட் அடிக்கத் தொட்டிக்குள் இறங்க வேண்டியதில்லை.

மூடிக்குப் பூட்டு வந்தது 2023இல். அதற்கு முந்தைய டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. அதைப் பற்றி இந்தக் கையேட்டில் வேடிக்கையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் தொட்டிக்குப் பூட்டு அந்தச் செய்திக்குப் பிறகு வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சாவி ஆபரேட்டர் அண்ணனிடம் இருக்கிறது. ஊரில் அவர் பெயர் 'தண்ணி விடுறவரு'. மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, உடைந்த குழாய்க்கு சைக்கிள் டியூப் சுற்றுவது, தெருவிளக்கு எரியாவிட்டால் பதில் சொல்வது எல்லாம் அவரே. சம்பளம் கொடுப்பது பஞ்சாயத்து. திட்டு கொடுப்பது முந்நூறு வீடு.

அவருடைய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது, ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அது தெரியாது. பிளீச்சிங் பவுடர் போடுவது. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது கணக்கு, எங்கள் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை ஒரு பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டு, மேலே தெளிகிற தண்ணீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். நடப்பதென்னவென்றால், அண்ணன் ஒரு கையால் இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பக்கெட்டோடு நாற்பது படி ஏறுகிறார். தராசு கிடையாது, கைதான் அளவு. மூட்டை பஞ்சாயத்து ஆபீசில் உடைந்த மைக்செட்டுக்குப் பக்கத்தில் வாய் திறந்து கிடக்கிறது. புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும், திறந்து போட்டால் நாளுக்கு நாள் பறந்துபோகும். ஆபீசில் இருக்கிற கொசு செத்திருக்கலாம்.

கடைசி வீட்டுக் குழாயில் பிடிக்கும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். வழியில் குழாய் எதைக் குடித்தாலும் அதைக் கொல்வதற்கு அந்த மிச்சம்தான் காவல். சுகாதார ஆய்வாளரின் சின்ன டப்பாவில் சோதனைக் குழாயும் சொட்டு மருந்தும் இருக்கும். தண்ணீரில் சொட்டு விட்டதும் எலுமிச்சை மஞ்சளாக மாறினால் காவல் இருக்கிறது. மாறாமல் பச்சைத் தண்ணீராகவே நின்றால் இல்லை. டப்பா இல்லாதவர்களுக்கு மூக்கு இருக்கிறது. லேசாக மருந்து வாடை அடிக்கும்.

அந்த வாடைதான் பிரச்சினை.

புகார் செய்வது எப்படி

இந்தப் பகுதியில் நான் நிபுணன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில் காபியை வாயில் வைத்தேன், ஆஸ்பத்திரி வராந்தா ருசி. உடனே அண்ணனுக்குப் போன். "என்னண்ணா, தண்ணியில ஒரே மருந்து நாத்தம்? வாய்ல வைக்க முடியல. மனுஷன் குடிக்கிறதா இல்லையா?" அவர், "சரிங்க, கம்மி பண்ணிக்கிறேன்" என்றார். அன்று அவருக்கு வந்த பதினோராவது போன் என்னுடையது என்று பிறகு சொன்னார். வார்டு மெம்பரும் கூப்பிட்டிருக்கிறார், டீக்கடைக்காரரும் கூப்பிட்டிருக்கிறார். தண்ணீர் கலங்கலாக வந்தபோது அவருக்கு வந்த போன் மூன்று. புழு நெளிந்தபோது ஐந்து. வாடைக்குத்தான் பதினொன்று.

அடுத்த தடவை விட்டதிலிருந்து தண்ணீர் அமிர்தமாக இருந்தது. நிறமில்லை, மணமில்லை. நாலு மாதம் நிம்மதியாகக் காபி குடித்தோம்.

ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் முதலில் இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றால் போனது. மூன்றாம் நாள் பன்னிரண்டு வீடு. நானும் படுத்தேன், நான் மேலே சொன்ன இரண்டில் இது இரண்டாவது. புளியமரத்தடியில் மேசை போட்டு, நர்சம்மா உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுத்தார். யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழங்கட்டைகள் "மழைத் தண்ணி பட்டிருக்கும்", "பந்தி சாப்பாடு சேரல" என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் ஊரில் பந்தியே நடக்கவில்லை.

மூன்றாவது வீட்டு அக்கா, தண்ணீர் சோதிக்கப் பயிற்சி எடுத்த ஐந்து பெண்களில் ஒருவர். ஊருக்கு ஐந்து பெண்கள் என்பது ஜல் ஜீவன் ஏற்பாடு. அவரிடம் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் சின்னச் சின்ன பாட்டில்கள். கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றி மூடி, ஒரு நாள் இரண்டு நாள் வைத்திருந்தால், மனிதக் கழிவில் இருக்கும் கிருமி அதில் இருந்தால் பாட்டில் கறுத்துவிடும். அந்தக் கிருமிகளில் பல ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும், அது பாட்டிலுக்குள் இருக்கும் இரும்புச் சத்தோடு சேர்ந்தால் கறுப்பு. 1982இல் குவாலியர் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய சோதனை. லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

அக்கா தொட்டியில் ஒரு பாட்டிலும் எங்கள் தெருக் குழாயில் ஒரு பாட்டிலும் பிடித்து, பேரப்பிள்ளைகள் கைபடாத ஒரே இடமான சாமி அலமாரியில், விபூதிச் சம்படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மறுநாள் காலை அவருடைய மாமியார் விளக்கேற்றப் போனவர் அலறினார். இரண்டில் ஒரு பாட்டில் மை மாதிரிக் கறுத்திருந்தது. "யாரோ செய்வினை வச்சிருக்காங்கடி!" எலுமிச்சம்பழம் தேட ஆரம்பித்துவிட்டார்.

"செய்வினை இல்ல அத்தை. சாக்கடை" என்றார் அக்கா.

தொட்டிப் பாட்டில் கறுக்கவில்லை. தெருக் குழாய்ப் பாட்டில்தான் கறுத்தது. அப்படியானால் கோளாறு நடுவில். அண்ணனும் இரண்டு பேரும் கடப்பாரையோடு போய்த் தோண்டினார்கள். மளிகைக் கடைக்கு எதிரே குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தில், பழைய இணைப்பு விட்டுப்போய், சுற்றியிருந்த சைக்கிள் டியூப் அவிழ்ந்து சாக்கடைக்குள் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மருந்து வாடை அடித்த நாட்களிலும் அந்த விரிசல் இருந்திருக்கலாம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சாக்கடையைப் பார்த்தேன்.

கிராம சபை

வருடத்தில் நடக்கும் ஆறு கிராம சபைகளில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். மேசை மேல் வரிசையாகத் தண்ணீர் பாட்டில்கள் இருக்கும், கடையில் வாங்கியவை. தண்ணீர் பற்றிப் பேச எழுந்தால், "எத்தனை நாளைக்கு ஒருக்கா விடுவீங்க?" என்றுதான் பத்துப் பேரும் கேட்பார்கள். "குளோரின் எவ்வளவு இருக்கு, போன மாசம் சோதிச்ச ரிப்போர்ட் எங்கே?" என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள். கூட்டம் திரும்பிப் பார்க்கும். உங்களை எந்தக் கட்சி என்று விசாரிப்பார்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதும்வரை பக்கத்திலேயே நின்றுவிட்டு வாருங்கள்.

வாடை பிடிக்காதவர்களுக்கு

தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய துணியால் மூடி, சில மணி நேரம் வைத்தால் வாடை தானாகப் போய்விடும். முந்தின நாள் பிடித்த தண்ணீரில் காபி போட்டால் ஆஸ்பத்திரி வராது. செப்புக் குடத்தில் வைக்கலாம், அழகாகவும் இருக்கும். மொள்ளும்போது கையை உள்ளே விடாமல் நீளக் கைப்பிடிக் கரண்டியால் எடுங்கள். குடத்தை எதில் செய்தார்கள் என்பதைவிட அதற்குள் எந்தக் கை போகிறது என்பது பெரிய விஷயம். இதை வீட்டில் சொன்னால் சண்டை வரும். எங்கள் வீட்டில் வந்தது.

இன்று காலை தண்ணீர் வந்தது. முதல் குடம் செம்பருத்திக்குப் போனது. இரண்டாவது குடத்தை அடுப்படியில் இறக்கி வைத்த அம்மா, ஒரு டம்ளர் மொண்டு மூக்கருகில் கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார்.

"இன்னிக்கும் அதே மருந்து நாத்தம்டா. அந்தத் தண்ணி விடுறவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு."

போனில் சார்ஜ் இல்லை என்றேன். எண்பத்திரண்டு சதவீதம் இருந்தது.